தூர்னோன் ஆணை (1704): கொங்குக் குடும்பத்தின் பக்கமிருந்து ஒரு திறனாய்வு

தூர்னோன் ஆணை என்பது, திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த சார்லஸ் தாமஸ் மயார் தெ தூர்னோன் 1704 ஜூன் 23 தேதியிட்டுப் பிறப்பித்த கட்டளை ஆகும். தமிழகத்தில் கத்தோலிக்க மறையைத் தழுவியவர்கள் குழந்தை பிறப்பு, திருமணம், பெண் பூப்பெய்துதல், நோய் ஆகிய வாழ்க்கைக் கட்டங்களில் எந்த வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்பதை அது வரையறுத்தது. அந்தக் கட்டளையால் எழுந்த நீண்ட வழக்கு 'மலபார்ச் சடங்குச் சர்ச்சை' எனப்படுகிறது. அக்கால ஐரோப்பியர் தமிழ் பேசும் மக்களையும் 'மலபார்' என்றே குறித்ததால் வந்த பெயர் இது. கேரளத்தின் மலபாரோடு இதற்குத் தொடர்பில்லை.

இச்சர்ச்சையை ரோமாபுரிக்கும் இயேசு சபைக்கும் இடையிலான அதிகார வழக்காக எழுதுவதே பெருவழக்கு. ஆனால் ஆணையின் விதிகளில் மிகப் பல வீட்டுக்குள் நடப்பவற்றைப் பற்றியவை. அவற்றைக் குடும்பத்தின் பக்கமிருந்து படித்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அடையாளங்களைப் பற்றிய விதிகளுக்காகத் திருச்சபை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாதாடியது. மனிதரை மனிதர் விலக்கி வைப்பதைப் பற்றிய விதி சொற்பமே. அவற்றுள் சாதியைத் தொட்ட விதி தொடக்கத்திலேயே சுற்றுவழியில் கடக்கப்பட்டது. கொங்கு நாட்டின் முதல் கத்தோலிக்க ஆயர் பதவி துறந்த கதை இந்த வேறுபாட்டின் பின்விளைவாகவே பொருள்படுகிறது.

பின்னணி

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, சைவ உணவு உண்டு, 'தத்துவ போதகர்' என்னும் பெயரில் உயர்சாதியினரிடையே பணியாற்றினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை நாட்டு வழக்கங்களே, சமயச் சடங்குகள் அல்ல என்பது அவர் வாதம். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி சில நிபந்தனைகளுடன் இதற்கு இசைவளித்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையிலிருந்து வடக்கே சென்று சேந்தமங்கலம், சேலம் பகுதிகளில் பணியைத் தொடங்கினார். கொங்குப் பகுதியில் கத்தோலிக்கம் வேர்விட்ட தொடக்க காலம் அதுவாகும். பின்னர் சத்தியமங்கலம், தாராபுரம், கருமத்தம்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் உருவாயின.

நொபிலியின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. பிராமணத் துறவிபோல் வாழும் குரு, பறையர் வீட்டுக்குள் நுழைந்தால் உயர்சாதியினர் அவரை ஒதுக்கிவிடுவர். இதற்கு மாற்றாக 1640 முதல் 'பண்டாரசாமிகள்' என்னும் இரண்டாம் வகைக் குருக்கள் வந்தனர். பல்தசார் த கோஸ்தா இவ்வழியைத் தொடங்கினார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியினருக்கும் பணியாற்ற முடிந்தது. ஆயினும் ஒரே திருமறைக்குள் சாதிக்கேற்ற குரு என்னும் ஏற்பாடு அப்போதே அமைந்துவிட்டது.

தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். சீனாவுக்குச் செல்லும் வழியில் அவர் தங்கியது ஏறத்தாழ எட்டு மாதங்கள். அதிலும் நோயுற்றிருந்ததால் உள்நாட்டு ஊர்களுக்கு அவர் செல்லவில்லை. பூஷே, பெர்த்தோல்தி என்னும் இரு இயேசு சபைக் குருக்களிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டே ஆணையை எழுதினார். ஒரு கிறிஸ்தவக் கல்யாண வீட்டையும் நேரில் காணாதவர் கல்யாண வீட்டுக்கு விதி எழுதினார் என்பதை அவ்வாணையைப் படிப்போர் மறக்கக் கூடாது.

அடையாளங்களைப் பற்றிய விதிகள்

ஆணையின் பெரும்பகுதி பொருள்களையும் செயல்களையும் பற்றியது. திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கை விடக் கூடாது. புனிதர் பெயரே சூட்ட வேண்டும். குழந்தையின் திருமுழுக்கைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுவயதுத் திருமணம் ஆகாது. தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கக் கூடாது; சிலுவையோ, இயேசு அல்லது மரியன்னை உருவமோ இருக்கலாம். 108 இழைகள் கொண்ட மஞ்சள் கயிறு ஆகாது. மணப்பந்தலில் அரசங்கிளை நடுவதும், தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பதும், கண்ணேறு கழிப்பதும் விலக்கப்பட்டன. நெற்றியில் நீறு பூசுவது தடுக்கப்பட்டது. கோயில் விழாக்களில் கிறிஸ்தவர் மேளம் வாசிப்பதும் தடுக்கப்பட்டது.

இப்பட்டியல் ஒரே தன்மை கொண்டதன்று. சிறுவயதுத் திருமணத் தடை ஒரு பெண்குழந்தையின் வாழ்வைக் காக்கும் விதி. அரசங்கிளைத் தடை அப்படிப்பட்டதன்று. கொங்கு வேளாளர் கல்யாணத்தை எடுத்துக்கொண்டால், அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள், மணமகனின் உடன்பிறந்தாள் இடம்பெறும் இணைச்சீர், மங்கல வாழ்த்துப் பாடல் என்று அது நீண்டு செல்லும். இவற்றில் எது வழிபாடு, எது உறவின் கடமை என்று பிரிப்பது எளிதன்று. இணைச்சீரின் கருத்து, பிறந்த வீட்டில் சகோதரிக்குள்ள உரிமையை ஊரறியச் சொல்வது. இதுபோன்ற சடங்கை நேரில் காணாமல் கேள்வியால் அறிபவருக்கு அதன் சமயச் சாயல் மட்டுமே தெரியும், உறவுப்பொருள் தெரியாது. ஆணையின் முதன்மையான குறை இதுவே.

மேளம் வாசிப்போரைப் பற்றிய விதி இன்னொரு குறையைக் காட்டுகிறது. கோயில் விழாவில் வாசிப்பது ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்பு. அதைத் தடுத்த ஆணை மாற்றுப் பிழைப்பு எதையும் காட்டவில்லை. நம்பிக்கையின் விலையை யார் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பிள்ளையார் உருவத்தை நீக்கிச் சிலுவைத் தாலி செய்துகொள்ள வசதியுள்ள குடும்பத்துக்குத் தட்டார் கூலி மட்டுமே செலவு. மேளக்காரர் குடும்பத்துக்கோ அந்த விழாக்காலத்து வருமானமே போயிற்று.

வாசற்படியைப் பற்றிய இரு விதிகள்

அடையாளப் பட்டியலுக்கு நடுவே வேறு வகையான இரண்டு விதிகள் உள்ளன.

முதலாவது பெண்களைப் பற்றியது. மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கி வைக்கக் கூடாது என்று ஆணை கூறுகிறது. 'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்லிப் பெண்ணைத் திண்ணையிலோ கொட்டகையிலோ இருத்திய சமூகத்தில், 1704இல் இப்படி ஒரு விதி எழுதப்பட்டது கவனிக்கத்தக்கது. அதன் அருகிலேயே பூப்பு விழாவைக் கொண்டாடக் கூடாது என்ற தடையும் இருக்கிறது. கொங்கு வட்டாரத்தில் திரட்டிச் சீர் எனப்படும் இவ்விழாவில் தாய்மாமன் சீர் கொண்டுவருவது முக்கியமானது. பூப்பு விழா ஒரு சிறுமியின் உடல் மாற்றத்தை ஊருக்கு விளம்பரப்படுத்துகிறது என்று இன்று பலர் கேள்வி எழுப்புகின்றனர். ஆணை அந்தக் கோணத்தில் தடுக்கவில்லை. நாணமற்ற புறச்சமயச் சடங்கு என்ற கோணத்தில் தடுத்தது. முடிவு ஒன்றுபோல் தோன்றினாலும் காரணம் வேறு. காரணம் வேறாக இருந்ததால்தான், அச்சம் நீங்கிய பின் விழா எளிதாகத் திரும்பி வந்தது.

இரண்டாவது விதி நோயுற்ற பறையரைப் பற்றியது. அக்காலத்தில் நோயாளியை வீட்டிலிருந்து வெளியே ஓரிடத்துக்குத் தூக்கிவரச் செய்து, அங்கே குரு திருவருட்சாதனங்களை வழங்குவது உண்டு. இதை ஆணை தடுத்தது. குருவே நோயாளியின் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்றது. சாகும் தறுவாயில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு அலைவது எவ்வளவு கொடுமை என்பதை எந்தக் குடும்பமும் அறியும். தாலி, தேங்காய் விதிகள் குடும்பத்தை மாறச் சொல்கின்றன. இவ்விதி குருவை மாறச் சொல்கிறது. அவருடைய காலை ஒரு வாசற்படிக்குள் வைக்கச் சொல்கிறது.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. அது நோயாளியைப் பற்றியது; உடல்நலத்தோடு இருப்பவர் கோயிலில் எங்கே நிற்பார், எந்தக் கல்லறையில் புதைக்கப்படுவார், எந்த வீட்டில் பெண்ணெடுப்பார் என்பவற்றைத் தொடவில்லை. ஆயினும் ஆணை முழுவதிலும் சாதியின் உயிர்நாடியைத் தொட்ட விதி இது ஒன்றே. அதனால்தான் இயேசு சபையினரின் எதிர்ப்பும் இதன்மேல் கடுமையாக விழுந்தது.

எதிர்ப்பாளரின் நியாயம்

இயேசு சபையினர் கல்நெஞ்சர் அல்லர். பறையர் வீட்டுக்குள் சென்ற குருவை மற்றச் சாதியார் ஏற்க மாட்டார்கள்; அதனால் ஏற்கெனவே உள்ள குடும்பங்கள் சிதறும்; ஆட்சியாளரின் பாதுகாப்பும் போகும் என்பது அவர்கள் வாதம். அக்காலக் கொங்கு மைசூர் அரசின் பிடியில் இருந்தது. அயல்நாட்டுக் குருக்கள் உள்ளூர்ப் பெரியவர்களின் தயவில் வாழ்ந்தனர். ஆகவே அவர்களின் அச்சம் கற்பனையன்று.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உயர்சாதிக் குடும்பம் விலகிப்போவது இழப்பாக எண்ணப்படுகிறது. பறையர் குடும்பம் தன் நோயாளியைத் தெருவுக்குத் தூக்கிவருவது இழப்பாக எண்ணப்படவில்லை. இந்தக் கணக்கைத்தான் ஆணை ஒரு வரியில் மறுத்தது.

1744: சுற்றுவழி

சர்ச்சை நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1739இல் எல்லா மறைப்பணியாளரும் ஆணையைக் கடைப்பிடிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 1744 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் வெளியிட்ட 'ஓம்னியும் சொல்லிசித்தூதினும்' என்னும் ஏடு இறுதித் தீர்ப்பாயிற்று. பறையர் வீடுகளுக்குச் சென்று பணியாற்றுவது கட்டாயம் என்பது அதில் உறுதியானது. ஆனால் அதற்கென்றே தனிக் குருக்களை நியமிக்கலாம் என்ற இயேசு சபையினரின் யோசனையையும் திருத்தந்தை ஏற்றார்.

விதி காப்பாற்றப்பட்டது, அதன் நோக்கம் கைவிடப்பட்டது. வாசற்படியைக் கடக்கும் குரு ஒருவர், கடக்காத குரு ஒருவர் என்றானால், தீண்டாமை குருத்துவத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிடுகிறது. தாலியின் உருவத்தில் இப்படி ஒரு சமரசத்துக்கு இடமில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிள்ளையார் தாலியை ஆசீர்வதிக்கத் தனிக் குருவை நியமிக்க எவரும் யோசனை சொல்லவில்லை.

கருமத்தம்பட்டியின் ஆயர்

இச்சுற்றுவழியின் விளைவு நூறு ஆண்டுகளுக்குப் பின் கோவையில் வெளிப்பட்டது. மெல்கியோர் மரியோன் பிரெசிலாக் 1813இல் பிரான்சில் பிறந்தவர். பாரீஸ் மறைபரப்புச் சபையில் சேர்ந்து 1842இல் புதுச்சேரிக்கு வந்தார். அங்கே குருமடத்தின் தலைவராக இருந்தார். உள்நாட்டவரைக் குருக்களாக உருவாக்குவதே மறைப்பணியின் முதல் நோக்கம் என்பது அவர் உறுதியான கருத்து. புதுச்சேரியிலிருந்து கோவைப் பகுதி பிரிக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவருக்கு வந்தது. 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவை முறையான மறைமாவட்டமானது 1886இல்தான்.

பிரெசிலாக்கும் 1739 முதல் கட்டாயமாகியிருந்த உறுதிமொழியை எடுத்தவர். ஆனால் ஊர்களில் நடைமுறை வேறாக இருந்தது. எது அனுமதிக்கப்பட்டது, எது தடுக்கப்பட்டது என்பதில் குருக்களுக்குள் ஒத்த கருத்தில்லை. விலக்கப்பட்ட சில வழக்கங்களைக் கண்டும் காணாமல் விடுவது பழக்கமாகியிருந்தது. தாம் எடுத்த உறுதிமொழிக்கும் தம் கண்முன் நடப்பதற்கும் இடையே அவர் மனச்சான்று அமைதியிழந்தது. ரோமாபுரியிலிருந்து தெளிவான முடிவை வேண்டினார், அது கிடைக்கவில்லை. 1854இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1855இல் அவர் பதவி விலகல் ஏற்கப்பட்டது. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகரில் இறங்கி, ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலால் இறந்தார்.

பிரெசிலாக்கை நேர்மையின் சின்னமாகப் போற்றுவது வழக்கம். அதற்கு அவர் தகுதியானவர். பதவியில் இருந்துகொண்டே கண்ணை மூடிக்கொள்வது எளிது. அவர் அதைச் செய்யவில்லை. எனினும் அவரைச் சாதி எதிர்ப்பாளர் என்று இன்றைய சொல்லால் அழைப்பது சரியாகாது. அவருடைய துன்பம் முதன்மையாக ஓர் உறுதிமொழி மீறப்படுவது பற்றியது. உள்நாட்டுக் குருக்களுக்காக அவர் அவ்வளவு வாதாடியும், எந்த வழக்கம் தங்கள்மேல் என்ன சுமையை ஏற்றுகிறது என்று ஊர்க் குடும்பங்களே சொல்வதற்கு அந்தச் சர்ச்சையில் இடம் உருவாகவில்லை. ஆயர் தம் மனச்சான்றோடு புறப்பட முடிந்தது. கருமத்தம்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த குடும்பங்களுக்குப் புறப்பட வேறு ஊர் இல்லை.

சீர்திருத்த சபைகளின் வழி

கத்தோலிக்கர் மட்டுமே இவ்வழக்கில் சிக்கியவர்கள் அல்லர். 1833இல் ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை முழுவதும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சையில் பலர் எதிர்த்தனர்; கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களுள் ஒருவர். 1830இல் ஆடிஸ் என்பவரால் கோவையில் பணி தொடங்கிய இலண்டன் மிஷன் சாதி விஷயத்தில் கண்டிப்பான பக்கத்தில் நின்றது. 1850இல் சென்னை மிஷனரிகளின் மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்பதைச் சாதி விட்டதற்குச் சான்றாக வற்புறுத்தியது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை.

சமபந்தி, கத்தோலிக்கரின் தனிக்குரு ஏற்பாட்டைவிட நேர்மையானது. ஆனால் அதுவும் ஒரு நாளைய சோதனை. ஒருவர் மிஷன் வளாகத்தில் உண்டுவிட்டு வந்து, மகளுக்குச் சொந்தச் சாதியிலேயே மாப்பிள்ளை பார்க்க முடியும். நாள்தோறும் ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் இடம் குடும்பமே. அந்த அடுப்பைத் தீர்மானிப்பது திருமணம்.

விதிகளின் இன்றைய நிலை

1940 ஏப்ரலில் மலபார்ச் சடங்கு உறுதிமொழி நீக்கப்பட்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, நாட்டுத் திருமண வழக்கங்களைப் பேணலாம் என்றது. இன்று கத்தோலிக்கக் கோயில்களில் பீடத்தின் முன் தாலி மந்திரிக்கப்படுகிறது. பூப்புக்குப் பின் மஞ்சள் நீராட்டு நடத்தி, குருவையோ ஆயரையோ அழைத்து ஜெபம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உள்ளன. இருநூறு ஆண்டுச் சண்டைக்குக் காரணமான அடையாளங்கள் பெரும்பாலும் சத்தமின்றித் திரும்பி வந்துவிட்டன. அவற்றால் நம்பிக்கை அழிந்துவிடவில்லை.

வாசற்படி விதியின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோயில், சாதிவாரியாக இரண்டு பகுதிகளாகப் பிரிந்து பீடத்தில் சேரும் அமைப்பில் இருந்தது. தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. அதை மீட்கச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு தோற்றது. கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் பற்றிய பிரச்சினை திருச்சி மேலப்புதூர் போன்ற இடங்களில் இந்த நூற்றாண்டிலும் பேசப்பட்டது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', கத்தோலிக்கத் துறவற மடத்துக்குள் ஒரு தலித் பெண் கண்டவற்றைப் பதிவு செய்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

குடும்பத்தின் மட்டத்தில் இதற்குத் தெளிவான சான்று திருமண ஓலை. மணம் பேசப்பட்டதும் மூன்று ஞாயிறுகளில் கோயிலில் ஓலை வாசித்து, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்குமாறு பங்கு மக்களைக் கேட்பது கத்தோலிக்க மரபு. திருச்சபைச் சட்டத்தின் தடைப் பட்டியலில் முந்தைய மண உறவு, நெருங்கிய இரத்த உறவு, குருத்துவம் போன்றவை உண்டு. சாதி இல்லை. ஓலை வாசிக்கும்போது சாதியைத் தடையாக எவரும் சொல்வதில்லை. ஏனெனில் ஓலை எழுதப்படுவதற்கு முன்பே வீட்டில் அந்தச் சல்லடை போடப்பட்டுவிடுகிறது. கிறிஸ்தவ மணமாலை விளம்பரங்களில் சபையின் பெயருக்கு அருகே சாதியின் பெயரும் நிற்பது இதைக் காட்டும்.

குடும்ப வழக்கத்துக்குள் தலையிடத் திருச்சபைக்கு வலிமை இல்லை என்று கூற முடியாது. மாமன் மகளை மணப்பது தமிழரிடையே உரிமை. கத்தோலிக்கச் சட்டத்தில் அது தடை. அந்த உரிமையைக்கூட விதிவிலக்கு வேண்டி விண்ணப்பம் எழுதிப் பெறும்படி கத்தோலிக்கக் குடும்பங்கள் பழகியுள்ளன. இரத்த உறவைப் பற்றி வீட்டுக்குள் வந்து கேட்ட திருச்சபை, சாதியைப் பற்றி அதே உறுதியோடு கேட்டதில்லை.

மதிப்பீடு

தூர்னோன் ஆணையை முழுவதும் கண்டிப்பதும் முழுவதும் போற்றுவதும் பொருந்தாது. நாட்டு வழக்கங்களைத் தூரத்திலிருந்து தீர்ப்பிட்டதில் அது தவறியது. வரலாறே அவ்விதிகளைத் திருத்தியது. மாதவிலக்கில் உள்ள பெண்ணைக் கோயிலுக்குள் விட்டதிலும், நோயுற்ற பறையரின் வீட்டுக்குக் குருவை அனுப்பியதிலும் அது தன் காலத்தை முந்தி நின்றது. இவ்விரண்டில் முதலாவது கிறிஸ்தவ வீடுகளில் பெரும்பாலும் இயல்பாகிவிட்டது. பெண்கள் எந்த நாளிலும் பூசைக்குச் செல்கின்றனர். இது சிறிய சாதனையன்று. ஒரு விதி வீட்டுக்குள் வேரூன்ற முடியும் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது விதி பாதி வழியில் நிற்கிறது. குரு இன்று எல்லார் வீட்டுக்கும் செல்கிறார். அவரை யாரும் தடுப்பதில்லை. அவருக்குப் பின்னால் பங்கு மக்கள் அதே வாசற்படியைச் சம்பந்திகளாகக் கடப்பது அரிதாகவே நடக்கிறது. மலபார்ச் சடங்குச் சர்ச்சையைப் படிக்கும் மாணவர், தாலியின் உருவத்தோடு நின்றுவிடாமல் இந்த விதியின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால், அது 1744இல் முடிந்த வழக்கு அல்ல என்பதை உணர்வர்.